சூரியனைப் பிடிக்க ஒரு சுவர்!

புதுச்சேரி கடற்கரையில் சூரிய உதயம் பார்த்திருப்பீர்கள், குட்டீஸ்! சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதால்தான் அந்த வெளிச்சம். இதைப் பூமியிலும் செய்யலாம் என நம்பியவர், விஞ்ஞானி ஹோமி பாபா.

இவர், 1909 அக்டோபர் 30ல் மும்பையில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, இந்திய அணு ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்டார். 1955ல், ஜெனீவாவில் நடந்த ஐ.நா., அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அணுக்கருவை இணைத்து ஆற்றல் எடுக்கும் வழி, 20 ஆண்டுகளில் கிடைத்துவிடும் என்று அங்கே கணித்தார். 1966 ஜனவரி 24ல், ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

அவர் சொன்ன காலத்தில் அது நடக்கவில்லை. ஒரு காரணம், சுவர்! கருவிக்குள் பிளாஸ்மா, 10 கோடி டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். காந்தத்தால் பிடித்து வைத்தாலும், அனல் சுவரை அரிக்கிறது. எனவே, 3,422 டிகிரி செல்சியசில் உருகும் டங்ஸ்டன் உலோகத்தை, குஜராத் மாநிலம் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில், எலக்ட்ரான் கற்றையால் சுட்டுச் சோதிக்கின்றனர்.

பாபாவின் கனவு அந்தச் சுவரில் காத்திருக்கிறது!