படகில் பள்ளிக்குப் போன பையன்
விஞ்ஞானி மேகநாத சாகாவின் கதை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. கடல் நீரும் நல்ல நீரும் கலக்கும் ஏரிகளில், இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது. முதலாவது, ஒடிசாவில் உள்ள சிலிகா.

ஏரிக்கரைக் குப்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் படகு புதிதல்ல. நடக்கப் பழகும்போதே படகில் ஏறவும் பழகிவிடுவார்கள்.

அதுபோலவே, மழைக்காலம் வந்தால் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும் ஓர் ஊரில் 1893-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஊரின் பெயர் சியோரதலி. அன்றைய டாக்கா ஜில்லாவைச் சேர்ந்தது; இன்றைய வங்காளதேச நாட்டில் இருக்கிறது. வெள்ளம் வந்துவிட்டால் அங்கே வீட்டுக்கு வீடு போகவும் படகுதான்!

அந்தக் குழந்தைதான் மேகநாத சாகா. வானத்து நட்சத்திரங்களின் சூட்டைக் கணக்குப் போட்டுச் சொன்ன விஞ்ஞானி.

மளிகைக் கடைக்காரர் மகன்

தந்தை ஜெகநாத சாகா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். தாய் புவனேசுவரி. எட்டுப் பிள்ளைகளில் மேகநாதன் ஐந்தாவது.

கடையில் கிடைக்கும் வருமானம் வயிற்றுக்கே போதவில்லை. ஆரம்பப் பள்ளி முடிந்ததும், பையனைக் கடையில் உட்கார வைத்துவிடலாம் என்று தந்தை எண்ணினார்.

அண்ணன் ஜெயநாதன் குறுக்கே வந்தார். தம்பி படிக்கட்டும் என்று வாதாடினார். பக்கத்தில் நடுத்தரப் பள்ளி கிடையாது. பல மைல் தூரத்தில் சிமுலியா என்ற ஊரில்தான் இருந்தது. அங்கே ஒரு வைத்தியர், பையனுக்குச் சோறும் இடமும் இலவசமாகத் தர முன்வந்தார். பதிலுக்குப் பையன் தன் தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும். வைத்தியர் வீட்டுப் பசு மாட்டையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மேகநாதன் மாடு பார்த்தான். படித்தான். பரீட்சையில் டாக்கா ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தான்! உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1905-ம் ஆண்டு டாக்கா நகரத்துப் பள்ளியில் சேர்ந்தான்.

பள்ளியை விட்டு நீக்கம்

அந்த ஆண்டில்தான் வெள்ளைக்காரச் சர்க்கார் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு. கவர்னர் பள்ளிக்கு வந்தபோது, மாணவர்கள் பலர் அவரை வரவேற்க மறுத்தார்கள். மேகநாதனும் அவர்களில் ஒருவன்.

பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உபகாரச் சம்பளமும் போயிற்று.

பன்னிரண்டு வயதுப் பையன். ஏழை. ஊரிலிருந்து உதவி செய்ய வழி இல்லை. வேறொரு பள்ளிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொண்டது. அண்ணன் தன் சொற்பக் கூலியில் ஒரு பங்கை மாதாமாதம் அனுப்பினார். 1909-ம் ஆண்டு நுழைவுப் பரீட்சையில் கிழக்கு வங்காளம் முழுவதற்கும் முதலாவதாக வந்தான் மேகநாதன்.

சாப்பாட்டுப் பந்தி

1911-ம் ஆண்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார் சாகா. ஆசிரியர்களோ ஜெகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய் போன்ற மேதைகள். உடன் படித்தவர் சத்தியேந்திரநாத போசு. பரீட்சையில் போசு முதல், சாகா இரண்டாவது. எம்.எஸ்சி.யிலும் அப்படியே.

ஆனால் விடுதியில் நடந்தது வேறு. சாகா தாழ்ந்த சாதி என்று சொல்லி, சில மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். சரசுவதி பூசையில் அவர் கலந்துகொள்ளவும் தடை! கல்வித் தெய்வத்துக்குப் பூசை. அந்தப் பூசையில், கல்லூரியின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவருக்கு இடமில்லை!

அந்தக் காயம் சாகாவின் மனத்தை விட்டுக் கடைசி வரையில் நீங்கவில்லை.

படிப்பு முடிந்ததும் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுத விரும்பினார். தேசபக்தர்களோடு பழகியவர் என்று அனுமதி கொடுக்கவில்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 1916-ம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரியில் அவருக்கும் போசுக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது.

ஜெர்மனியில் ஐன்ஸ்டீன் புதிய விஞ்ஞானக் கருத்துக்களை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சாகாவும் போசும் ஜெர்மன் மொழியைக் கற்று, ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். 1920-ம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது.

நட்சத்திரத்தின் சூடு

அதே 1920-ல்தான் சாகாவின் பெயர் உலகமெல்லாம் பரவியது.

நட்சத்திர வெளிச்சத்தைக் கண்ணாடிப் பட்டை வழியாகப் பார்த்தால், வண்ணங்களுக்கு நடுவே கருங்கோடுகள் தெரியும். எல்லா நட்சத்திரங்களிலும் கோடுகள் ஒரே மாதிரி இருக்காது. ஏன்?

சூடு ஏற ஏற, அணுவிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று ஓடுகின்றன. எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் இப்படி எலெக்ட்ரானை இழக்கும் என்பதற்குச் சாகா ஒரு கணக்கு வகுத்தார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, கோடுகளைப் பார்த்தே நட்சத்திரத்தின் சூட்டைச் சொல்லிவிடலாம்! இன்றும் உலகமெங்கும் வான விஞ்ஞானிகள் அதைச் சாகா சமன்பாடு என்றே அழைக்கிறார்கள்.

1927-ம் ஆண்டு லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பல முறை பெயர் போயிற்று. பரிசு மட்டும் வரவில்லை.

வெள்ளமும் பஞ்சாங்கமும்

நட்சத்திரத்தோடு சாகா நின்றுவிடவில்லை. வெள்ளத்தில் வளர்ந்தவர் அல்லவா? நதிகளைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்ந்து எழுதினார். தாமோதர் நதியில் 1943-ல் பெருவெள்ளம் வந்த பிறகு, அணைகள் கட்டும் திட்டத்துக்காக ஓயாமல் வாதாடினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் ஏற்பட்டது.

நாட்டில் உள்ள நீர், நிலக்கரி, மின்சாரம் எல்லாவற்றையும் கணக்கெடுத்துத் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

1952-ம் ஆண்டு, தேர்தலில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். இந்திய சர்க்கார் 1957-ம் ஆண்டு ஏற்றுக்கொண்ட தேசியப் பஞ்சாங்கம் அந்தக் குழு வகுத்ததுதான்.

கல்கத்தாவில் ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தையும் எழுப்பினார். 1950-ம் ஆண்டு சனவரியில் அதைத் திறந்து வைத்தவர், கியூரி அம்மையாரின் மகள் ஐரீன்.

1956-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந்தேதி, டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சாகா, வழியிலேயே மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 62. கல்கத்தா நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

விதை முளைத்தது

சாகா மறைந்து 33 ஆண்டுகள் கழித்து, 1989-ல், அந்த நிலையத்தில் ஒரு புது யோசனை பிறந்தது. இன்று பெரிதாகப் பேசப்படும் குவாண்டம் கம்ப்யூட்டரில் ஒரு வகைக்கு அது முன்னோடி.

அது என்ன யோசனை? பழவேற்காட்டுக்குப் போனால் எளிதில் விளங்கிவிடும்.

பழவேற்காட்டில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் சில. வலை கட்டுகிறவர்கள் பலர். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வதே பாடு.

10 வலைகள், 10 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விதமாகப் பிரித்துக் கொடுக்கலாம்? 36,28,800 விதம்! 20 வலைகள், 20 இடங்கள் என்றால், 24 ஆயிரம் கோடி கோடிக்கும் மேல்!

இவற்றில் மொத்த இறால் அதிகமாகக் கிடைக்கும் விதம் எது? ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வோர் இடத்தில் கிடைப்பது தனித்தனியானது என்றால், குறுக்கு வழி உண்டு. கணித நிபுணர்கள் 1955-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒருவர் கட்டிய வலை, அடுத்தவர் வலைக்குப் போகும் இறாலைத் தடுத்துவிட்டால்? ஒருவரை நகர்த்தினால் மற்றவர் கணக்கும் மாறும். அப்போது எல்லாக் கணக்குகளையும் சட்டென்று தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாது. ஆலையிலும், ரயிலிலும், லாரிப் போக்குவரத்திலும் இதே தொல்லைதான்.

இருட்டில் கழி ஊன்றிக்கொண்டு, ஏரியின் மிக ஆழமான பள்ளத்தைத் தேடுகிற மனிதனை நினைத்துப் பாருங்கள். ஆழம் கூடுகிற பக்கமாகவே படகைத் தள்ளுகிறான். ஒரு பள்ளம் வருகிறது. சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் ஆழம் குறைகிறது. இதுதான் பெரிய பள்ளம் என்று நின்றுவிடுகிறான். ஆனால் இதைவிடப் பெரிய பள்ளம், மணல் மேட்டுக்கு அப்பால் இருக்கிறது!

பள்ளம் என்பது நல்ல ஏற்பாடு. மிக ஆழமான பள்ளம், மிகச் சிறந்த ஏற்பாடு. ஓர் இடத்தில் இரண்டு வலை கட்டக்கூடாது என்று விதி இருந்தால், அதை மீறும் ஏற்பாட்டுக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தில் போடுவது போல அபராதம் போடுவார்கள். அபராதம் விழுந்த இடம் மேடாக உயர்ந்துவிடும்.

மேட்டைத் தாண்டுவது எப்படி? 1983-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு வழி சொன்னார்கள். கொல்லன் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதைப் போன்ற வழி. முதலில் படகைப் பலமாகக் குலுக்கினால், அது மேட்டின் மேல் ஏறி இறங்கும். பிறகு குலுக்கலை மெல்லக் குறைத்தால், நல்ல பள்ளத்தில் போய் நிற்கும்.

சாகா நிலையத்தில் பிகாஸ் சக்ரபர்த்தியும் அவருடைய கூட்டாளிகளும் 1989-ல் வேறொன்றைச் சொன்னார்கள். அணு உலகத்தில், மேட்டின் மேல் ஏறாமலே அதைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகிற வித்தை உண்டு. உயரமாக, ஆனால் மெல்லியதாக உள்ள மேடுகளைக் கடக்க அது உதவக்கூடும் என்பதே அந்த யோசனை. மேடு அகலமாக இருந்தால் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

1998-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைக் கணக்குப் போடும் முறையாக வகுத்தார்கள். 2011-ல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அதற்கான யந்திரத்தையே விற்றது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு 0 அல்லது 1. இந்த யந்திரத்தின் உள்ளே, கடும் குளிரில் வைக்கப்பட்ட சின்னஞ்சிறு உலோக வளையங்கள் இருக்கின்றன. ஒரு வளையத்தில் மின்சாரம் இடமாகவும் வலமாகவும் ஒரே சமயத்தில் சுற்றும் நிலையில் இருக்கும். கணக்கு முடியும்போது, ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்று நின்றுவிடும். அதுவே விடை.

இது மந்திர யந்திரமா? இல்லை. ஒவ்வொரு முறையும் மிகச் சிறந்த விடையே வரும் என்பதில்லை. அன்றாடத் தொழில் கணக்குகளில் பழைய கம்ப்யூட்டரை எப்போதும் முந்திவிடும் என்று நிரூபணமும் ஆகவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. இந்தியாவும் 2023-ம் ஆண்டு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிக் குவாண்டம் இயக்கம் தொடங்கியது.

யாருக்குப் பங்கு?

பாடு முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் சாதாரண இடம். முறை மாறி மாறி வரும். மொத்த இறால் அதிகமாக வேண்டும் என்று மட்டும் யந்திரத்திடம் கேட்டால், அது நல்ல இடத்தை ஒருவருக்கே தினமும் கொடுத்துவிடலாம்! முறையும் வேண்டும் என்று மனிதன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாட்டில் ஒரு குறையும் உண்டு. வழிவழியாக உரிமை உள்ள குடும்பங்களுக்கே அதில் இடம். உரிமை இல்லாத மீனவர்களுக்கு இல்லை. அதனால் சண்டைகளும் வந்ததுண்டு.

கணக்கில் எத்தனை பேரைச் சேர்ப்பது? இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் விடை சொல்லாது. சேர்த்தவர்களுக்கு மட்டுமே அது பங்கு போடும்.

பந்தியில் இடம் மறுக்கப்பட்ட மேகநாத சாகாவுக்கு அது நன்றாகத் தெரியும். வைத்தியர் வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு படித்த அந்தப் பையனுக்கு அண்ணனும், வைத்தியரும், சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடமும் இடம் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால், நட்சத்திரக் கணக்கும் இல்லை. கல்கத்தா நிலையமும் இல்லை.

இன்று ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பையோடு படகில் ஏறும் பிள்ளைகளில் யார் எந்தக் கணக்கைப் போடப்போகிறார்களோ? எல்லோரையும் படிக்க வைப்போம்!