மானிப்பாய் மருத்துவர் கிறீன்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து நம் வகுப்பறைக்கு வரும் மாணவர் பலர்க்கு ஆரம்ப சுகாதார நிலையம் நன்கு பழகிய இடம். லப்பைக்குடிக்காட்டு மாணவர் ஒருவர், அத்தகைய நிலையம் ஒன்றில் தம் பாட்டியார் பெற்ற மருந்துச் சீட்டை நம்மிடம் காட்டிப் பொருள் கேட்டார். எல்லாம் ஆங்கிலச் சுருக்கங்கள். தமிழ் கற்பிக்கும் நாம் விடையறியாது நின்றோம். அப்போது நம் நினைவில் எழுந்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். சமயப் பணிக்காக வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் பணியின் பயன் ஒரு சமயத்தாரோடு நின்றுவிடவில்லை என்பதையும் மறைத்தல் முறையன்று. வட்டுக்கோட்டையில் சிலகாலம் இருந்தபின், 1848இல் மானிப்பாய்க்கு மாறினார்.

சிறிய மருந்தகம், ஒரே மருத்துவர், சுற்றிலும் எத்தனையோ ஊர்கள். வாந்திபேதி பரவும் நாளில் ஒருவர் எத்தனை வீட்டு வாயிலில் நிற்க முடியும்? கிறீன் தம் கைக்கு உதவியாக உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கில வழியிலேயே கற்பித்தார். பயின்றோர் திறமை மிக்கவரே. ஆயினும் ஆங்கிலம் அறிந்த மருத்துவரை அரசுப் பணியும் நகரமும் அழைத்துக்கொண்டன. கிராமம் பழையபடி மருத்துவரின்றி இருந்தது.

இதனை உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் பயின்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கணக்கு. தம் மாணாக்கர் உடையிலும் உணவிலும் தமிழராகவே வாழ வேண்டும் எனவும் அவர் விரும்பினார். ஊரார் தரும் சிறு வருவாயில் ஒரு மருத்துவர் வாழ அதுவே வழி என்று எண்ணினார் போலும்.

கற்பிக்க நூல் வேண்டுமே! 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இலேயே தமிழில் அச்சேறியது என்பது இன்று பலர் அறியாதது. அவருடைய தமிழ் மாணாக்கரும் இம்மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டனர். அவர்களை மறந்து கிறீனை மட்டும் புகழ்வது நீதியாகாது. கலைச்சொல் ஆக்கத்தில் முதலில் தமிழை நாடினார், இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்தது. நாம் இன்று 'வேதியியல்' என்கிறோம். அச்சொல்லைக் கண்டு மாணவர் நகைக்கலாம். அன்று அந்நூல் இருந்தது என்பதை எண்ணின் நகைப்பு அடங்கும்.

1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் எழுதுகோலை வைக்கவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். தமிழாக்கிய பக்கங்கள் 4,000க்கு மேல். தாம் தமிழர்க்கு மருத்துவராய் இருந்ததைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. ஆங்கிலமே மீண்டும் அரியணை ஏறிற்று. மானிப்பாய் மருத்துவமனை மட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர் தந்த சீட்டை மருந்தாளுநர் ஒருவரிடம் காட்டினோம். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரை. நாள்தோறும் காலையில் ஒன்று. அதைச் சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதி மாணவரிடம் கொடுத்தனுப்பினோம்.