பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலும்பு அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சை மூலம் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி உணராத கையில் ஏற்படும் காயங்களாலேயே பெரும்பாலும் சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர். ஆகவே அச்சிதைவைத் தடுக்க இயலும் என்பதே இவரது பணியின் மையக்கருத்து.

இளமை

கொல்லி மலையில் பணியாற்றிய ஆங்கிலேய மறைப்பணியாளர்களான ஜெஸ்ஸி, எவலின் இணையருக்குப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தை 1929இல் மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் பயின்ற பின்னரே பிராண்ட் லண்டனில் மருத்துவம் கற்றார். அக்கைத்தொழில் அறிவு பின்னாளில் பெரிதும் பயன்பட்டது. உடன் பயின்ற மார்கரெட்டை 1943இல் மணந்தார். அவர் பின்னர் கண் மருத்துவரானார்.

வேலூரில்

1946இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்வையிட்டபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையை இறுகப் பற்றச் சொன்னார். பிடி வலி தருமளவு வலுவாக இருந்தது; பற்றியவருக்கோ அதன் வலிமை தெரியவில்லை. எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பது இதனால் புலப்பட்டது. நோய் தாக்காத தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு பொருத்தும் சிகிச்சை இவ்வாறு உருப்பெற்றது. பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது.

காயத் தடுப்பு

சீராக்கப்பட்ட கைகள் மீண்டும் புண்பட்டன. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பினான். அவன் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவன் அதை அறியவில்லை. இதன்பின் நோயாளரின் கைகள் நாள்தோறும் பார்வையிடப்பட்டன. ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடப்பட்டது. உறங்கும்போது எலிகள் விரல்களைக் கடிப்பது தெரியவந்ததால் பூனைகள் வளர்க்கச் செய்தனர். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டோருக்குக் கைவீக்கம் வராதிருக்கத் தரப்படும் அறிவுரையும் இதை ஒத்ததே: காரணம் வேறாயினும், கீறல், சூட்டுக்காயம், தொற்று ஆகியவற்றிலிருந்து கையைக் காத்து, தோலை அன்றாடம் கவனிப்பது அங்கும் இன்றியமையாதது.

கால்களுக்கும் இதே நோக்கு பொருந்தியது. பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டு இட்டு அழுத்தம் குறைக்கப்பட்டது. தோல் பதனிடுதல் வேரூன்றிய வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் செருப்புத் தோலுக்குப் பஞ்சமில்லை. பாதத்தை உறுத்தாத அடித்தளமே தேவைப்பட்டது. நுண்ணறை ரப்பரால் அதைச் செய்தனர். எம்.சி.ஆர். செருப்பு எனப்படும் இது தொழுநோய், நீரிழிவு நோயாளருக்கு இன்றும் வழங்கப்படுகிறது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மையத்திலும் இப்பணிகள் நடந்தன.

பிற்காலம்

1960இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, இருபது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். நீரிழிவால் உணர்விழந்த கால்களுக்கும் வேலூர் முறைகள் உதவும் என அங்குக் காட்டினார். பிலிப் யான்சியுடன் இணைந்து வலியைப் பற்றி எழுதிய நூல் 1993இல் வெளியானது. சியாட்டிலில் காலமானார்.