திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபம்

உலகப் பொருட்காட்சிகளில் ஒவ்வொரு தேசமும் தனக்கென ஒரு மண்டபம் எழுப்பித் தன் கலையையும் நாகரிகத்தையும் பிறர் கண்முன் நிறுத்துவது வழக்கமாயிருக்கிறது. அத்தகைய மண்டபம் எவ்வாறு அமைய வேண்டுமென்ற கேள்வி எழும்போதெல்லாம் நமது நினைவு மதுரைக்கே செல்கிறது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அக்கேள்விக்குக் கல்லிலே விடை கண்ட மன்னரின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

திருமலை நாயக்கர் தமது தமையனாருக்குப் பின் 1623-ம் ஆண்டில் பட்டமெய்தினார். திருச்சிராப்பள்ளியிலிருந்த ராஜதானியை மதுரைக்கு மாற்றினார். மீனாட்சியம்மன் கோயிலின் கீழக்கோபுரத்திற்கு எதிரே, வசந்தோற்சவத்தின் பொருட்டுப் புதுமண்டபத்தைக் கட்டுவித்தார். 333 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்ட அம்மண்டபத்தில் 124 தூண்கள் நிற்கின்றன. மீனாட்சி திருக்கல்யாணமும், கல்யானை கரும்பு தின்ற திருவிளையாடலும் அங்கே சிற்பமாக விளங்குகின்றன. விசுவநாத நாயக்கர் முதல் தாம் வரையில் பதின்மரின் உருவங்களையும் அவர் அங்கே நிறுத்தினார். ஒரு நாட்டின் பக்தியும் கதையும் அரச பரம்பரையும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1636-ல் அரண்மனை எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பெருந்தூண்களை நாட்டி, இஸ்லாமிய வளைவுகளையும் நம்மவர் சுதை வேலையையும் அதில் இணைத்தனர். பிறர் பாணியை ஏற்றபோதும் அது நமதாகவே விளங்கியது. ஏனெனில் மண்ணும் கையும் நம்முடையவை. அரண்மனைச் செங்கல்லுக்காக மண் தோண்டிய இடமே வண்டியூர்த் தெப்பக்குளமாயிற்று என்பர். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் அவரே என்பது மதுரை வழக்கு. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து உழவர் வண்டி கட்டி நகருக்கு வரும் திருவிழா அவ்வாறு பெருகிற்று.

அவரது குறைகளை நாம் மறைக்கப் போவதில்லை. விஜயநகரத்தோடு பிணங்கிச் சுல்தான்களின் துணையை நாடினார். முடிவில் அவர்களுக்கே கப்பம் கட்ட நேர்ந்தது. சேதுநாட்டோடும் மைசூரோடும் போர் மூண்டது. 1659-ல் அவர் மறைந்தபோது, புதுமண்டபத்திற்குக் கிழக்கே தொடங்கிய ராயகோபுரம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

அதன்பின் நடந்ததே நாம் கருதத்தக்கது. பேரர் சொக்கநாதர் ராஜதானியைத் திருச்சிக்கு மீண்டும் மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துப் பொருள்களைக் கொண்டு சென்றார். எஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். பின்னர் அங்கே ஜில்லாக் கோர்ட்டு நடந்தது. புதுமண்டபத்தையோ எவரும் இடிக்கவில்லை. தையற்காரரும் புத்தகக் கடைக்காரரும் நெடுங்காலம் அதில் வியாபாரம் செய்தனர். எனினும் அது நிலைத்தது. அரசன் தனக்கெனக் கட்டியது அரசனோடு சிதைந்தது. ஜனங்கள் திருவிழாவுக்கெனக் கட்டியது ஜனங்களால் வாழ்ந்தது.

மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் மண்டபத் தூண்களை 1912-ல் ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிச் சென்றார். பிலடெல்பியா பொருட்காட்சிசாலையில் அவை போற்றி வைக்கப்பட்டுள்ளன. காண்போர் வியக்கின்றனர்; ஆனால் எந்த உற்சவமூர்த்தியும் அங்கே எழுந்தருளுவதில்லை. சுதந்திரத்தின் வெள்ளி விழாவுக்காக 1972-ல் டில்லியில் எழுப்பிய தேசங்களின் மண்டபம், நம் தொழிலாளர் கைத்திறனுக்குச் சாட்சியாக நின்றும், 2017-ல் இடிக்கப்பட்டது.

தேசத்தின் பெயரால் மண்டபம் அமைப்போருக்கு நாம் கூறுவது இதுவே. கோபுரத்தின் சாயலை முகப்பில் ஒட்டுவதால் மட்டும் கலாசாரம் விளங்கிவிடாது. நமது மண்ணையும் நமது கைகளையும் கொண்டு கட்டுங்கள். காட்சி முடிந்த பின்னும் ஜனங்கள் புகுந்து பழகும் இடமாகக் கட்டுங்கள். திருமலை நாயக்கரின் இரு கட்டடங்களும் இரு தீர்ப்புகளாக மதுரையில் நிற்கின்றன.