நெய்யூர் தந்த பாடம்

நமது குமரி மாவட்டத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியை அறியாதவர் இலர். இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1838-இல் அவ்வூரில் தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கே பல்லாண்டுகள் தொண்டாற்றிய டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் அவர்களின் வாழ்விலிருந்து ஒரு பாடம் கற்போம்.

அவர் 1890-இல் இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரில், காலணி செய்யும் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று அறுவை மருத்துவரானார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். மலையேறுவதில் தணியாத ஆர்வம் கொண்டவர். 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் திரும்புமுன் தென்னாட்டைக் காண வந்தார். நெய்யூரில் நோயாளிகள் பலரும் மருத்துவர் ஒருவருமாக இருந்த நிலை அவர் உள்ளத்தைத் தைத்தது. இலண்டனில் காத்திருந்த புகழையும் பொருளையும் துறந்து, 1923-இல் நெய்யூரில் பணியேற்றார்.

மறு ஆண்டு மீண்டும் எவரெஸ்டுக்கு அழைப்பு வந்தது. கடுங்குளிரும் வறண்ட காற்றும் அவர் தொண்டையைப் புண்ணாக்கின. ஓயாத இருமல். 1924 ஜூன் 4 அன்று, ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் மேலே செல்ல இயலாமல் நின்றுவிட்டார். நண்பர் நார்ட்டனுடன் இறங்கி வரும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. மூச்சும் இல்லை, குரலும் இல்லை. முன்னே சென்ற நண்பரோ, இவர் படம் வரையத் தங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். சாவை எதிர்நோக்கிப் பனியில் அமர்ந்த சோமர்வெல், இரு கைகளாலும் மார்பை அழுத்தி, எஞ்சிய வலுவெல்லாம் கூட்டி ஒருமுறை இருமினார். அடைப்பு வெளியே வந்தது! குளிரில் கருகிப்போன அவரது குரல்வளையின் உட்சவ்வே அது. இருமலே அவர் உயிரைக் காத்தது.

ஆம், இருமல் நம் பகைவன் அன்று. மூச்சுப் பாதையின் காவற்காரன். தூசி, புகை, சளி எது புகுந்தாலும் வெளியே தள்ளுகிறது. சாதாரண சளி இருமலுக்குச் சுக்குக் காப்பியும் ஓய்வும் போதும். ஆனால் காவற்காரன் ஓயாது கூவினால், ஏன் என்று பார்க்க வேண்டாமா? ஆஸ்துமா, நிமோனியா, காசநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். இரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். புளியங்கொட்டையை வாயிலிட்டு விளையாடும் குழந்தை திடீரென்று இருமினால், வாயில் விரலை விட்டுத் துழாவாமல் இருமவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. இருமவும் முடியாமல் மூச்சடைத்தால், குனியவைத்து முதுகில் பலமாகத் தட்டியவாறே உதவிக்கு அழைக்க வேண்டும்.

நம் வீடுகளில், கல்யாணப் பேச்சு கெட்டுவிடும், பரீட்சை தவறிவிடும் என்று பெண்பிள்ளைகளின் இருமலை மறைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. இது பெருந்தவறு. காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். பெரும்பாலோர் ஆறு மாதத்தில் முற்றும் குணமடைகின்றனர். மறைப்பதால் நோய் வளரும், வீட்டாருக்கும் பரவும்.

மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட சோமர்வெல் நெய்யூருக்கே திரும்பினார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்து, 1961-இல் தாயகம் சென்று, 1975-இல் இறைவனடி சேர்ந்தார். மீண்டு கிடைத்த மூச்சை ஏழைகளுக்கே ஈந்தவர் அவர். மூச்சு இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவது நம் கடமை. அன்புத் தோழியரே, இருமலை மறைக்காதீர்கள். அன்னையிடமோ ஆசிரியையிடமோ இன்றே சொல்லுங்கள்.