சுவை மறைக்கும் ஆபத்து: பேரறிஞர் அண்ணாவின் வாழ்வு தரும் பாடம்

பேரறிஞர் அண்ணா எனப் போற்றப்படும் சி. என். அண்ணாதுரை, 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1942-இல் காஞ்சிபுரத்தில் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவினார். 1967-இல் மாநில முதலமைச்சரானார்.

எழுத்தும் மேடைப்பேச்சும் நிறைந்த அவரது வாழ்வில், வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் வழக்கமும் இருந்தது. அக்காலத்தில் பலர் அதனைத் தீங்கற்றதாகவே கருதினர்.

இவ்வாறு கருதுவதற்கு நாக்கும் ஒரு காரணம். கசப்பு, நஞ்சு குறித்து உடல் தரும் எச்சரிக்கை. புகையிலையைத் தனியே மென்றால் அதன் கசப்பும் காரமும் உடனே உணரப்படும். வெற்றிலையின் நறுமணமும் பாக்கின் துவர்ப்பும் சேரும்போது அந்த உணர்வு மட்டுப்படுகிறது. இனிப்புச் சேர்த்தால் கசப்பு மேலும் தணிகிறது. ஆனால், தணிவது சுவை மட்டுமே. நச்சுப்பொருளின் அளவு குறைவதில்லை. மாறாக, சுண்ணாம்பின் காரத்தன்மை, நிகோடின் வாயின் உட்சவ்வு வழியாக விரைந்து இரத்தத்தில் கலக்க உதவுகிறது. இதனால் பழக்கம் அடிமைத்தனமாகிறது.

1968-இல் அண்ணாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் அறுவை சிகிச்சை பெற்று, நாடு திரும்பியதும் பணியைத் தொடர்ந்தார். 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது. பிப்ரவரி 3 அன்று, 59-ஆம் வயதில் அவர் காலமானார்.

மெல்லும் புகையிலை வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்களை உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
• இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்
• வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• வாயைத் திறப்பதில் சிரமம்
• உணவு விழுங்கும்போது தடை. முதலில் திட உணவிலும் பின்னர் நீர் உணவிலும் இது தோன்றலாம்

இவற்றுள் ஏதேனும் இருப்பின் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் 1800 11 2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். உடனிருப்போர் கடிந்துரைக்காமல் துணைநிற்பது பெரிதும் உதவும்.