யுத்தத்தை எதிர்த்தாரா ராஜாஜி?

கொங்கு நாட்டில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் கண்டவர் ராஜாஜி. யுத்தம் பற்றி அவர் கொள்கை என்ன என்பதில்தான் இன்றும் வழக்கு.

1940 டிசம்பரில் யுத்த எதிர்ப்புச் சத்தியாக்கிரகத்தில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதைக் காட்டி, அவரைப் பிறவிச் சமாதானவாதி என்பார் உண்டு. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், தேசிய சர்க்கார் அமைந்தால் யுத்தத்துக்கு உதவலாம் என்று காங்கிரசை இணங்க வைத்தவரும் அவரே! காந்திஜிக்கு அது பிடிக்கவில்லை.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. எதிரி வாசலில் நிற்கும்போது கிளர்ச்சி ஆகாது என்றார் ராஜாஜி. பாகிஸ்தான் கோரிக்கைக்கு இணங்கலாம் என்றும் சொன்னார். பம்பாய்க் கூட்டத்தில் அவர்மீது தார் வீசினார்கள். ஜூலையில் காங்கிரசை விட்டே விலகினார். ஆகஸ்டில் தோழர்கள் சிறை புக, அவர் வெளியே இருந்தார். துரோகி என்ற பட்டமும் வந்தது. சிறைக்குப் பயந்தார் என்ற பழி மட்டும் பொருந்தாது; பலமுறை சிறை கண்டவர் அவர். சட்டசபைப் பதவியையும் உதறிவிட்டே தனித்து நின்றார்.

1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டன் சென்றார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் வாதாடினார். ஒதுக்கிய நேரத்தையும் தாண்டிப் பேச்சு நீண்டது.